கார்டு பூமாவின் பொய்

மைசூரில் ஹெப்பாளைத் தாண்டிப் பழைய ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அங்கே ஓடு சுடுவதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகிறது. ஏரியிலிருந்து சூளைக்குக் களிமண் கொண்டுவர அந்தக் காலத்து முதலாளி போட்ட இரண்டடி அகலத் தண்டவாளம் மட்டும் புதருக்குள் அப்படியே இருந்தது. ரயில் பைத்தியம் பிடித்த இருபது பேர் சேர்ந்து அதைத் தோண்டி எடுத்தார்கள். சர்க்கரை ஆலை ஒன்று காயலான் கடைக்குத் தள்ளிய குட்டி நீராவி இன்ஜினை வாங்கிவந்து, ஆறு வருஷம் மல்லாடி, அதை ஓடவும் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை இரண்டரை கிலோமீட்டர் போய், இருபது நிமிஷம் நின்று, திரும்பி வரும். டிரைவரிலிருந்து டீ போடுகிறவர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் பதவிக்கு எவ்வளவு அடிதடி நடக்கும் என்பது சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ரயிலுக்குக் கார்டு பூமா. வயது அறுபத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேல்கோட்டைப் பக்கத்திலிருந்து எந்தத் தலைமுறையிலோ மைசூருக்கு வந்து சேர்ந்த குடும்பம். கணவர் செலுவநாராயணன் கணக்கு வாத்தியார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. விஜயநகரில் அவர் கட்டிய வீட்டில் இப்போது பூமாவும் மகன் ஹ்ருஷிகேஷும் மட்டும் இருக்கிறார்கள்.

ஹ்ருஷிகேஷுக்கு முப்பத்து நான்கு வயது. மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள் டாக்டர்கள். அந்தக் காலத்தில் அந்த வார்த்தையை உறவுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பூமாவுக்கு நாக்கு தள்ளிவிடும். பேச்சு வந்தபிறகு அவனிடம் இன்னொரு சங்கடம் முளைத்தது. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் சாத்தமுது ரசத்தில் உப்பு இல்லை என்பான், பெண்ணின் அப்பாவைப் பார்த்தே சொல்வான். போகப்போகப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள், "நீங்க மட்டுமாவது வந்துட்டுப் போங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த 'மட்டுமாவது'க்கு அர்த்தம் தெரியாதவளா பூமா? அவளும் போவதை நிறுத்திக்கொண்டாள். அவனை ஜெராக்ஸ் கடையில் சேர்த்துவிட்டாள், நான்கு நாள் இருந்தான். கவர் ஒட்டுகிற இடத்தில் இரண்டு மாதம். எங்கும் அவன் நிலைக்கவில்லை.

நிலைத்தது ரயிலில்தான். காரணம், சங்கத்தின் செயலாளர் நஞ்சுண்டசாமி எழுதிய விதிப்புத்தகம். பொதுப்பணித் துறையில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், இரண்டரை கிலோமீட்டர் ரயிலுக்குத் தொண்ணூற்று இரண்டு விதிகள் எழுதியிருந்தார். மற்றவர்கள் அதைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். ஹ்ருஷிகேஷ் ஒரே நாளில் படித்து மனப்பாடம் செய்துவிட்டான். உலகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முப்பது வருஷமாக அவனுக்கு யாரும் நம்பர் போட்டு எழுதிக் கொடுத்ததில்லை. இங்கே கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு வேறென்ன வேண்டும்?

அவனுக்குக் கொடுத்த வேலை ஏரிக்கரை லீவர். ரயில் அங்கே போய் நின்றதும் இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக ரயிலின் மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். அதற்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் லீவர், ரயில் நிற்கிற இடத்திலிருந்து நூறு அடி தள்ளி, நீலகிரி மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இன்ஜின் போனதும் லீவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதைப் பிடித்தபடி நிற்க வேண்டும். கார்டு வந்து பூட்டுப் போட்டு, 'சரி' என்று சொல்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. இது நாற்பத்து ஒன்றாம் விதி. பிறகு கார்டும் அவனும் சேர்ந்து நடந்து வந்து கடைசிப் பெட்டியில் ஏறுவார்கள்.

காக்கிச் சட்டையும் நெஞ்சில் பெயர்ப் பட்டையுமாக அவன் லீவருக்குப் பக்கத்தில் நிற்பதை முதல் தடவை பார்த்தபோது பூமா அந்தப் பெயர்ப் பட்டையை இரண்டு தடவை படித்தாள். வருகிறவர்கள் அவனை 'சார்' என்று கூப்பிட்டு வழி கேட்டார்கள். அவன் யாருடைய பாரமும் இல்லாமல் நின்ற ஒரே இடம் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளைத் தள்ளினாள்.

கார்டு வேலையில் பூமா கறார். போகும்போது தலையை எண்ணுவாள், திரும்பும்போது எண்ணுவாள், இரண்டும் ஒத்துப்போனால்தான் பச்சைக் கொடி. ஊழியர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். கொடியைத் தரையில் வைத்ததற்காக சங்கத்திலேயே இருந்த ஒரு ஐ.டி. கம்பெனி மேனேஜரை எல்லோர் முன்னிலையிலும் வெளுத்து வாங்கியவள் அவள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அப்படி வெளுத்தவள்தான் பின்னால் மாட்டிக்கொண்டாள்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, கடைசி நடை. ஐம்பத்தெட்டுப் பேர். அதில் பூமாவின் வயதையொட்டிய ஏழு பெண்கள், சேர்ந்து ஊர்சுற்ற வந்தவர்கள். கார்டு பெண் என்று கண்டதும் அவர்களுக்கு ஒரே குஷி. ஏரிக்கரையில் அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். தொப்பியை வாங்கி ஆளுக்கு ஆள் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் போலப் பேசிக்காட்ட, பூமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை பிள்ளைகள், பிள்ளை என்ன பண்ணுகிறான் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடி ஏறினார்கள். பூமா பெட்டி பெட்டியாக எண்ணினாள். ஐம்பத்தெட்டு. சரியாக இருந்தது. "இங்கேயே ஏறிக்கோங்கோ, எதுக்கு நனையறேள்?" என்று அந்தப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். கார்டு கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும். பூமா அவர்கள் பெட்டியின் வாசலில் நின்றபடியே பச்சைக் கொடியை ஆட்டினாள். மறுமுனையில் இன்ஜினில் இருந்த டிரைவர் முனிராஜ் விசில் கொடுத்து வண்டியை எடுத்தான். இருபத்தைந்து நிமிஷம் அவள் அவர்கள் கொடுத்த கோடுபளே முறுக்கைத் தின்றுகொண்டு, கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஹ்ருஷிகேஷ் இல்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஸ்டேஷனில் அவர்களை ஆட்டோ ஏற்றி அனுப்பி, போன் நம்பர் பரிமாறி, ஈரத் தொப்பியைத் துடைத்து வைத்து, டீ குடித்தாள். அவன் வழக்கம்போல விளக்கு அறையில் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று அங்கே போய்ப் பார்த்தபோது அறை பூட்டிக் கிடந்தது. கை இடுப்புக்குப் போனது. லீவர் பூட்டின் சாவி வளையத்தில் பூட்டும் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முனிராஜைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். இன்ஜினில் நெருப்பை இறக்கி அணைத்தாகிவிட்டது. ஏரிக்கரைக்கு வண்டி போகிற பாதையும் கிடையாது. முனிராஜ்தான் தண்டவாளத்தில் தள்ளிப்போகும் டிராலியை இறக்கினான். தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளிக்காரன், ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால், பொழுது சாய்ந்துவிட்டது. மழை விடவில்லை.

ஹ்ருஷிகேஷ் லீவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. பத்து அடி தள்ளி ஷெட் இருந்தும் போய் ஒதுங்கவில்லை. அவளைப் பார்த்ததும், "கார்டு பூட்டலை" என்றான்.

"தம்பி, கையெ விடு சாமி. அய்யோ, ஐஸாட்டம் இருக்குதுங்கம்மா" என்று முனிராஜ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். அவன் விடவில்லை. பூட்டாமல் விடமாட்டான். பூமா முனிராஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடம்பால் மறைத்து, பூட்டைப் போட்டு, "சரி" என்று முணுமுணுத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் விரல் பிரிந்தது.

டிராலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது முனிராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஏனுங்கம்மா, அப்ப பூட்டலீங்களா?"

"பூட்டினேனே. கூப்பிட்டேன், வரேன்னான். பின்னாலேயே வரான்னு நெனச்சேன்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது. டிராலியில் உட்கார்ந்திருந்த ஹ்ருஷிகேஷ், "இல்லை. இப்பதான் பூட்டினா" என்றான். முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தள்ளினான்.

ஒரு வாரம் ஜுரம். கஞ்சியும் மாத்திரையுமாக அவன் தலைமாட்டில் உட்கார்ந்து பூமா தனக்குத்தானே வாதாடினாள். கார்டு தவறு என்று தெரிந்தால் என்னை எடுத்துவிடுவார்கள், நான் அங்கே இல்லாவிட்டால் இவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? இவனுக்காகத்தானே சொன்னேன்? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அதற்கு அடியில் உட்கார்ந்திருந்ததை அவளால் எழுப்பி வெளியே அனுப்ப முடியவில்லை.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. பூமா டிராலியில் சொன்னதையே மறுபடியும் சொன்னாள். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. ஹ்ருஷிகேஷ் எழுந்து நின்று, "பூட்டலை. நாற்பத்து ஒண்ணாம் விதி. கார்டு வரவே இல்லை" என்றான். யாரும் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கனிவாகச் சிரித்தார்கள். நஞ்சுண்டசாமி அவன் தோளைத் தட்டி, "ஆயித்து ராஜா, சரி, உட்காரு" என்றார். அவன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் அதே சிரிப்புத்தான். அவன் உட்கார்ந்துவிட்டான்.

தீர்மானம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கார்டு மேல் குற்றமில்லை, பூமா தொடரலாம். ஹ்ருஷிகேஷின் பாதுகாப்பை முன்னிட்டு இனி அவனுக்கு லீவர் வேலை இல்லை. கட்டணமில்லாத டிக்கெட் கொடுத்துப் பயணிகளோடு உட்கார வைக்க வேண்டும், எண்ணிக்கையிலும் சேர்க்க வேண்டும். பூமா இப்படி வரும் என்று நினைத்திருக்கவில்லை. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட பொய், அவன் இடத்தை எடுத்துவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அவள் குடித்து முடித்த டீ கப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். டிக்கெட்டை வாங்கி, இருபுறமும் படித்துப் பார்த்து, பயணிகள் பெட்டியில் உட்கார்ந்தான். போகும்போது பூமா எண்ணினாள். முப்பத்தொன்பது, அவனோடு நாற்பது. ஏரிக்கரையில் இறங்கி நேராக லீவருக்குப் போனான். அங்கே புதிதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு அடி தள்ளி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். இன்ஜின் போயிற்று. அவர் லீவரைத் திருப்பினார். பூமா வந்து பூட்டுப் போட்டாள்.

"வாடா, ஏறிக்கோ" என்றாள்.

"கார்டு பூட்டிட்டா" என்று அவன் அந்தப் புதியவரிடம் சொன்னான். பிறகு பயணிகள் பெட்டிக்கு நடந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற பூமாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்று கடைசி நடை முடிந்ததும் அவள் நேராக நஞ்சுண்டசாமியின் அறைக்குப் போனாள். ஹ்ருஷிகேஷ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். நஞ்சுண்டசாமிக்குத் தமிழ் அரைகுறைதான். அந்த அரைகுறையையும் மரியாதைக்காகப் பூமாவிடம் மட்டும் பேசுவார்.

"சார், நான் பூட்டலை. கமிட்டில பொய் சொன்னேன். அவன் சொன்னதுதான் நெஜம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த லேடீஸோட சிரிச்சுப் பேசிண்டு அவா பெட்டியிலேயே ஏறிட்டேன். கோடுபளே தின்னுண்டு வந்தேன். அவனை மறந்துட்டேன் சார். பையன்னு ஒருத்தன் இருக்கான்கறதே ஞாபகம் வரலை. ரொம்ப சந்தோஷமா இருந்தேன்."

இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

நஞ்சுண்டசாமியின் கண் கலங்கியிருந்தது. "பூமம்மா, எனக்கு அர்த்தம் ஆகுது" என்றார். "மகனுக்கு லீவர் வாபஸ் வேணும். அதுக்கு பழியை நீங்க தலை மேலே போட்டுக்கறீங்க. நானும் தாயி வயித்துலதான் பொறந்தது. பெத்த தாயி மகனை மறக்கறதா? அதுவும் இந்த மாதிரி மகனை? நான் நம்பல்ல."

"சத்தியமா பூட்டலை சார். டிராலில போனப்பறம்தான் பூட்டினேன். முனிராஜைக் கேளுங்கோ."

அவர் முனிராஜைக் கூப்பிட்டுக் கேட்டார். முனிராஜ் கரி படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பூமாவை ஒரு தடவை பார்த்தான். அவளுக்கு உதவுவதாகத்தான் அவன் நினைத்திருக்க வேண்டும். "இருட்டுங்க சார். மழை வேறெ. நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றான்.

"நோடி, பாருங்க" என்று நஞ்சுண்டசாமி கையை விரித்தார். அதோடு விடவில்லை. விளக்கு அறையில் இருந்தவர்களையும் டீக்கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, பூமம்மா மகனுக்காக எப்பேர்ப்பட்ட காரியம் செய்யத் துணிந்தார் என்று கன்னடத்தில் விஸ்தாரமாகச் சொன்னார். ஒரு பெண் பூமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வெளுத்து வாங்கிய அந்த மேனேஜர்தான் முதலில் கை தட்டினார். பூமா, "இல்லை, இல்லை" என்று சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் உருகினார்கள். கடைசியில் அவள் கத்தினாள். கத்தியதும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அவள் வெளியே வந்தபோது ஹ்ருஷிகேஷ் பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். கம்பெனி பஸ்கள் ஓடாத நாள், ரோடு காலியாக இருந்தது.

"நீ கத்தினது கேட்டுது" என்றான். "நீ நெஜம் சொன்னே. சார் நம்பினாரா?"

"நம்பலைடா."

அவன் நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணினான்.

"நான் மூணு தடவை சொன்னேன்" என்றான். "நீ எத்தனை தடவை சொன்னே?"

"நாலு."

"நாலு தடவை சொன்னாலும் நம்பமாட்டா" என்றான். குத்திக்காட்டத் தெரியாதவன் அவன். முப்பத்து நான்கு வருஷமாகத் தனக்குத் தெரிந்ததை அவளுக்கும் சொல்லிக்கொடுப்பது போலத்தான் சொன்னான். பூமா நடுரோட்டில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் நின்று, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.